நிலையத்தில் ஒருத்தி மட்டும்

ஜூன் 18, புதன்

கதை தேர்வாகிவிட்டது. பத்திரிகை ஆசிரியர் அரவிந்தன் காலையிலேயே கூப்பிட்டார். அறிவியல் புனைகதைச் சிறப்பிதழ் போடுகிறார்களாம்.

"கதை பிரமாதம் மேடம். ஆனா படம் வரைய ஆள் கிடைக்கல. நீங்களே ஏஐல போட்டு மூணு படம் அனுப்பிடுங்களேன். காலேஜ்ல பிசிக்ஸ் எடுக்குறீங்க, உங்களுக்கு இதெல்லாம் ஜுஜுபி."

சரி என்று சொல்லிவிட்டேன். சனிக் கிரகத்தின் நிலவு ஒன்றில் பனியை உருக்கித் தண்ணீர் அனுப்பும் நிலையம். அதைக் காவல் காக்க ஒரே ஒருத்தி. இவ்வளவுதான் கதை.

யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும்போல் இருந்தது. என் வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் போட்டேன். கத்தார் பக்கம் நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் மெக்கானிக் வேலை; நெட் எப்போது வரும், எப்போது போகும் என்று அவருக்கே தெரியாது. சாயங்காலம் பதில் வந்தது. ஒரு கட்டைவிரல்.

ஜூன் 20, வெள்ளி

"விண்வெளி நிலையத்தில் தனியாக ஒரு தமிழ்ப் பெண், வயது நாற்பத்தாறு" என்று அடித்தேன்.

வந்தவளுக்கு இருபது வயதுகூட இருக்காது. தலை நிறைய மல்லிகைப்பூ, நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம். கல்யாணப் பெண்ணை மணமேடையிலிருந்து தூக்கி ராக்கெட்டில் ஏற்றிவிட்டார்கள். பின்னால் சுவரில் தமிழ் மாதிரி ஏதோ எழுதியிருந்தது. ஒரு எழுத்துகூடப் படிக்க முடியவில்லை.

நகை வேண்டாம் என்றேன். கழுத்தை விட்டுவிட்டுக் காதில் இரண்டு மடங்கு போட்டது. பொட்டு வேண்டாம் என்றேன் (எங்கள் வீட்டில் யாரும் வைத்ததில்லை, அவளும் எங்கள் வீட்டுப் பெண்தானே). பொட்டு இன்னும் பெரிதாக வந்தது.

ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். ஏன் பார்த்தேன்?

ஜூன் 21, சனி

"வேறு யாரும் இல்லை" என்று எழுதினால் பின்னால் ஒரு ஆண் வந்து நிற்கிறான். "ஆண் வேண்டாம்" என்றால் இரண்டு பேர்.

ஜூன் 27, வெள்ளி

அவர் பேசினார். வழக்கம்போல.

"சாப்டியா?"

"ஆச்சு. நீங்க?"

"ம். அங்க மழையா?"

"இல்ல. காவிரில தண்ணி வந்துருக்கு."

இதற்கப்புறம் இருவருக்கும் ஒன்றும் கிடைப்பதில்லை. வருஷத்தில் ஒரு மாதம் வருகிறவரிடம் மற்ற மாதங்களை எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? பிள்ளைகள் இருந்திருந்தால் அவர்களைப் பற்றிப் பேசியிருப்போம்.

வைப்பதற்கு முன் சொன்னார். "கான்ட்ராக்ட் முடியுது. இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கேக்குறாங்க. அடுத்த மாசக் கடைசிக்குள்ள சொல்லணும்."

"உங்க இஷ்டம்" என்றேன்.

ஒவ்வொரு தடவையும் இதைத்தான் சொல்கிறேன். ஒவ்வொரு தடவையும் கையெழுத்துப் போடுகிறார். வாங்க என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல என்ன தடை? வந்துவிட்டால் — அப்புறம் தினமும் சாப்டியா, ஆச்சு, நீங்க, ம் — அதுதானா? அந்தப் பயமா?

ஜூலை 5, சனி

இரண்டாவது படம்: நிலையத்தின் ஜன்னல் வழியே அவள் நினைத்துப் பார்க்கும் ஊர். ஆறு இரண்டாகப் பிரிந்து நடுவே தீவு. "கோபுரமுள்ள தீவு" என்று கேட்டால் ஐரோப்பாக் கோட்டை ஒன்றைக் கட்டி, சுற்றிலும் பாய்மரக் கப்பல் விடுகிறது. முதலில் நான் ஒழுங்காகப் பார்க்க வேண்டும் என்று எங்கள் துறை அமிர்தத்தை இழுத்துக்கொண்டு மலைக்கோட்டை ஏறினேன். அவள் ஸ்ரீரங்கத்துக்காரி. பாதிப் படியிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"ஏண்டி, எங்க ஊரைப் பாக்கணும்னா பஸ் ஏறி வர மாட்டியா? முட்டி போற வயசுல மலை ஏத்துறியே!"

"மேலேர்ந்து பாக்கணும்டி. விண்வெளிலேர்ந்து பாக்குற மாதிரி."

"அப்ப இன்னும் கொஞ்சம் மேல போ. நான் இங்கயே மோர் குடிச்சிட்டு உக்காந்திருக்கேன்."

ஆனாலும் வந்தாள். இந்தப் பக்கம் காவிரி கரை தொட்டு ஓடியது. அந்தப் பக்கம் தூரத்தில் கொள்ளிடம், வெள்ளையாக ஒரு கோடு. நடுவே தென்னை, தென்னை, அதற்கு மேலே ராஜகோபுரம். அமிர்தம் கையை நீட்டி, "அதோ அந்தத் தண்ணி டேங்க் தெரியுதா, அதுக்குப் பின்னால என் வீடு. மொட்டை மாடில போர்வை காயுது பாரு" என்றாள். எனக்கு எதுவும் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது. அவள் வீட்டில் யாரோ போர்வை காயப் போடுகிறார்கள்.

இறங்கும்போது கேட்டாள். "ஸ்டீபன் அண்ணன் இந்தத் தடவையாவது வர்றாரா, இல்ல மறுபடியும் கடலா?"

"தெரியல."

"நீ கேட்டியா?"

செருப்பு விட்ட இடத்தைத் தேடுவதுபோல் நடந்துவிட்டேன்.

ஜூலை 9, புதன்

முதல் படத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். மாதிரிக்கு நம் புகைப்படம் ஒன்றைக் கொடுக்கலாம். என்னுடையதையே கொடுத்தேன். "இவள் ஆறு வருடமாக நிலையத்தில் தனியாக இருக்கிறாள்" என்று மட்டும் சேர்த்தேன்.

வந்தது. வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நகையில்லை, பொட்டில்லை. கன்னம் ஒட்டியிருக்கிறது. முடியெல்லாம் நரை. நான் மாதாமாதம் டை அடிப்பது இதற்கு எப்படித் தெரிந்தது? கண்ணைத்தான் சரியாகப் போட்டிருக்கிறது. கல்லூரி விட்டு வந்து பூட்டைத் திறக்கும்போது என் முகம் இப்படித்தான் இருக்குமோ.

ஜூலை 10, வியாழன்

காலையில் அந்தப் படத்தை அவருக்கு அனுப்பினேன். கூட ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். பஸ் வந்துவிட்டது, எழுதவில்லை.

வகுப்பு நடுவே போன், மூன்று தடவை. அவர் பகலில் கூப்பிட்டதே இல்லை. வராந்தாவுக்கு ஓடினேன்.

"பேட்ரி, என்ன ஆச்சு உனக்கு? எந்த ஆஸ்பத்திரில இருக்க?"

"ஆஸ்பத்திரியா?"

"படம் அனுப்பியிருக்கியே! பின்னாடி மெஷினு, ட்யூபு... எவ்வளவு நாளா இப்படி இருக்க? எங்கிட்ட ஏன் சொல்லல?"

"ஐயோ, அது நான் இல்லைங்க. கதைக்குப் போட்ட படம். கம்ப்யூட்டர் பண்ணது."

அந்தப் பக்கம் காற்று மட்டும் இரைந்தது.

"முடி?"

"முடி... முடி நெஜமாவே அப்படித்தான். டை அடிச்சிக்கிறேன்."

"எப்பலேர்ந்து?"

"ரொம்ப நாளா."

"எனக்குத் தெரியாதே" என்றார். கோபம் இல்லை. தொலைத்த பொருளைப் பற்றிப் பேசுகிறவர் மாதிரி. லைன் போய்விட்டது.

வகுப்புக்குத் திரும்பிப் போய் என்ன நடத்தினேன் என்று ஞாபகமில்லை.

ஜூலை 13, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வந்தால் அவரிடமிருந்து ஒரு போட்டோ. அவர் தங்கியிருக்கும் அறை. இத்தனை வருஷத்தில் இதை நான் பார்த்ததே இல்லை. அவர் காட்டியதில்லை, நான் கேட்டதில்லை. குறுகலான இரும்பு அறை. இரண்டடுக்குக் கட்டில்கள், நாலு பேருக்கு. ஜன்னல் கிடையாது. ஒவ்வொரு கட்டிலுக்கும் நீலத் திரை. கீழே எழுதியிருந்தார்:

"உன் நிலையம் ரொம்பப் பெருசு. ஒரு ஆளுக்கு அவ்ளோ இடம் யாரும் குடுக்க மாட்டாங்க. இங்க தனியா இருக்கணும்னா திரைய இழுத்து விட்டுக்கணும். நீ பேசுறப்பல்லாம் நான் திரைக்கு உள்ளதான் இருப்பேன். மத்த மூணு பேரும் கேப்பாங்க. அதான் ஒண்ணும் பேச வராது."

ஒரு நிலையத்தைக் கற்பனை செய்ய நான் எத்தனை பாடுபட்டேன். என் புருஷன் அதில்தான் குடியிருக்கிறார்.

ஜூலை 15, செவ்வாய்

மூன்றாவது படத்தை மாற்றிவிட்டேன். இரும்புச் சுவர், குறுகிய கட்டில், நீலத் திரை. திரைக்கு வெளியே ஒரு கை மட்டும். அரவிந்தனுக்குப் பிடிக்கவில்லை.

"மேடம், ஸ்பேஸ் ஸ்டேஷன் மாதிரியே இல்லையே. ரயில்ல ஏசி கோச் மாதிரி இருக்கு. கொஞ்சம் நட்சத்திரம், லைட்டு எல்லாம் போடலாமே?"

"இல்ல சார். இப்படித்தான் இருக்கும்."

"நேர்ல பாத்த மாதிரி சொல்றீங்க!"

ஜூலை 16, புதன்

நானே கூப்பிட்டேன். பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்களா என்று கேட்டேன். இருக்கிறார்கள் என்றார். அப்ப நீங்க பேச வேண்டாம், நான் சொல்றேன், கேளுங்க என்றேன்.

என்னென்னவோ சொன்னேன். மலைக்கோட்டை ஏறியதை. ஒட்டியாணம் கட்டிய விண்வெளிப் பெண்ணை. சமைக்கப் பிடிக்காமல் நிறைய நாள் ராத்திரி பிஸ்கட் சாப்பிட்டுப் படுப்பதை. சாப்டியா என்று கேட்டபோதெல்லாம் ஆச்சு என்று சொன்னது பாதி பொய் என்பதை. அவர் ம், ம் என்றார். கடைசியில் அழுதேனா? அழுதேன்தான்.

"வந்துடுங்க. எனக்கு முடியல. என்ன பேசுறதுன்னு தெரியலன்னாலும் பரவால்ல, வந்துடுங்க."

"ம்" என்றார்.

எந்த ம் அது?

ஜூலை 22, செவ்வாய்

போன் இல்லை.

ஜூலை 24, வியாழன்

"கையெழுத்துப் போடல." அவ்வளவுதான் அனுப்பியிருக்கிறார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அமிர்தம் ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபம் படித்துறைக்குக் கூப்பிட்டாள். கூட்டத்தில் நெரிபட்டேன். சித்திரான்னம் கட்டிக்கொடுத்தாள். "அண்ணன் வந்ததும் முதல்ல எங்க வீட்டுக்குத்தான் கூட்டிட்டு வரணும், தெரியுதா" என்று நடுப்படியில் நின்று கத்தினாள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

அவர் வந்து ஐந்து நாள் ஆகிறது. இருவரும் விருந்தாளி போல நடந்துகொள்கிறோம். தண்ணீர் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்கிறார். சிறப்பிதழ் வந்தது, என் படத்தை விட்டுவிட்டுத் திரை போட்ட படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ராத்திரியில் தூங்குவதில்லை. புரண்டு புரண்டு படுத்து, எழுந்து ஹாலில் நடக்கிறார். திரும்பிப் போக வேண்டும்போல் இருக்கிறதா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

இன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவரைக் கட்டிலில் காணோம். ஹாலில் இல்லை, மாடியில் இல்லை. பின்கட்டுக்குப் போனேன். வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதை ஒட்டி வெறும் தரையில், கையைத் தலைக்கு வைத்து, வாயைத் திறந்தபடி அயர்ந்து தூங்குகிறார்.

அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷமும் அவர் இன்ஜின் சத்தத்துக்குள்ளேயே தூங்கியவர். இந்த வீட்டின் நிசப்தத்தில் எப்படித் தூங்குவார்? எனக்கே முடியவில்லையே.

மெஷின் கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டது. நின்றதும் நாலு தடவை கத்தும். அதற்குள் ஆஃப் செய்து, துவைத்து முடித்த துணிக்கே மறுபடி தண்ணீர் விட்டு, பட்டனை அழுத்தினேன். அவர் அசையவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். கரண்ட் மட்டும் போகாமல் இருக்கணும்.