பாதாம் எண்ணெய்க்கு வாசனை இல்லை

பம்பாய், 12-8-1954

அன்புள்ள அம்மாவுக்கு, மகள் சற்குணம் ஸ்தோத்திரத்துடன் எழுதுவது. நான் சுகம். உன் மூட்டுவலி தேவலையா?

நேற்று ஒரு கூத்து. நான் பார்த்துக்கொள்ளும் குழந்தைக்குச் சூடு என்று நம் வழக்கப்படி உச்சியில் விளக்கெண்ணெய் வைத்துவிட்டேன். எஜமானியம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு கழுவச் சொன்னார். பாதாம் எண்ணெய்தான் தேய்க்க வேண்டுமாம். அதற்கென்று வாசனை கிடையாது. நாலு சொட்டு ரோஜா அத்தர் விட்டால், அந்த மணத்தைச் சுமந்துபோய் உடம்பில் சேர்த்துவிட்டு, தான் இருந்த இடம் தெரியாமல் போய்விடும்.

தினமும் தேய்த்துவிடுவதால் குழந்தை என்னைத்தான் அம்மா என்கிறது. எஜமானியம்மா சிரித்துக்கொண்டே திருத்துகிறார்.

“பால் மறந்துடுவா, நீ போய்க்கினு வாடி” என்று திருத்தணி ஸ்டேஷனில் ரயிலேற்றினாயே, என் ரூபி இப்போது யாரை அம்மா என்கிறாள்? அதை எழுதாதே.

அவள் போட்டுக் கழற்றிய சட்டை ஒன்று அனுப்பு. கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். சட்டையைத் துவைத்துவிடாதே.

சற்குணம்