வீடியோவை மறைத்த விரல்

கேம்ப் ரோடு கிளினிக்கில் இன்று நிமோனியா ஊசிக்குக் காத்திருந்தேன். பஞ்சில் ஸ்பிரிட் வாசனை வந்ததும் உன் மேல் கோபம் வந்தது. நீ செத்துப்போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கோபம் போகவில்லை.

மலேசியாவில் முப்பது வருஷம் கடை வைத்திருந்துவிட்டுச் சேலையூருக்குத் திரும்பியவன் நீ. கொரோனா ஊசி வந்த புதிதில், கிள்ளானில் இருந்த உன் பழைய அக்கம்பக்கத்தாருக்காக மலாய் மொழியில் குட்டிக் குட்டி வீடியோக்கள் போட ஆரம்பித்தாய். போனைப் பிடிப்பது என் வேலை. ஒரு சொல்லும் எனக்குப் புரியாது. அங்கே அமினா அக்கா என்று ஒருவர், சர்க்கரையும் மூச்சிரைப்பும் உள்ளவர், ஊசியே வேண்டாம் என்கிறார். அவரை நினைத்துத்தான் உனக்குத் தூக்கமில்லை என்பது மட்டும் தெரியும்.

நீ ஊசி போட்டுக்கொண்டதை எடுத்தபோது என் கட்டைவிரல் கேமராவை மறைத்துவிட்டது. ஊசி இறங்கிய நொடி முழுக்க இருட்டு. 'வேண்டுமென்றே மறைத்துவிட்டாய், எல்லாம் பொய்' என்று அமினா அக்கா உனக்கு எழுதினார்.

"யோவ், கெடுத்தது நீ. எனக்கு அடுத்த ஊசிக்கு இன்னும் நாள் கிடக்கு. நீயே வந்து குந்து."

"நான் போட்டுக்க மாட்டேன்னு உனக்குத் தெரியாதா?"

"அந்தம்மாவும் அதத்தான் சொல்லுது. அவங்களாண்ட என்னால போக முடியாது. உன்னாண்ட வர முடியும்."

பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காதவன் நான். செய்தித்தாளை எழுத்துக்கூட்டிப் படித்து, ஊசி வேண்டாம் என்று நானே எடுத்த முடிவு அது. மறுநாள் ஊசிக்குப் போய் உட்கார்ந்தேன், போனை நீ பிடித்தாய். உனக்காக அல்ல. விரல் என்னுடையது.

"சுடுகாட்டுக்கு வந்த மாதிரி உக்காராதய்யா! முடிஞ்சதும் 'தாக் சாக்கித்'னு சொல்லு. வலிக்கலன்னு அர்த்தம்."

வலித்தது. இருந்தும் சொன்னேன்.

சில நாளில் அமினா அக்கா சட்டைக்கையைச் சுருட்டி, பஞ்சை அழுத்தியபடி படம் அனுப்பினார். கிள்ளான் தெருவே உனக்கு நன்றி எழுதியது. வீடியோவில் இருக்கும் கிழவன் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை.

கடைசியாக ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்து, "வலிக்குதா?" என்று கேட்டேன். எனக்குக் கற்றுக்கொடுத்த அதே பொய்யைச் சொன்னாய்.

இன்று ஊசி ஏறியதும் நர்ஸ் கேட்டாள்: "வலிச்சிச்சா தாத்தா?"

"தாக் சாக்கித்."

"இன்னா சொல்றீங்க?"

வலிக்கிறது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன், வந்தது உன் சொல். எனக்குத் தெரிந்த மலாய் அவ்வளவுதான்.