பொழுது சாயும்வரை துடுப்புப் போட்டவருக்கு

நைனாரே,

இன்று காலை மருமகள் கொடுவா மீன் அலசிய வாடை கூடம்வரை வந்தது. உடனே உங்கள் ஞாபகம். மீனையே தொடாத ஜைனரை மீன் வாடையில் நினைக்கிறேன் என்றால், இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல அவள்தான் எழுதுகிறாள்.

அறுபதுகளில் உங்கள் மல்லாட்டைக் கடலை மூட்டைகளோடு செஞ்சியிலிருந்து புதுச்சேரிக்கு லாரியில் போவோம். நான் மூட்டை இறக்கி முடித்ததும் உங்களுக்குக் கால் தரிக்காது. நம்மூரில் மழைக்கு மட்டும் ஓடுகிற ஆறு, அங்கே கடலைச் சேருமிடத்தில் எப்போதும் தளும்பிக் கிடக்கும். தெரிந்தவர் தோணியை வாங்கி, முதலாளி நீங்கள் துடுப்புப் போடுவீர்கள். கூலிக்காரன் நான் காலை நீட்டி உட்கார்ந்திருப்பேன். உங்களுக்கு ஒரே நிபந்தனைதான். "தூண்டில தொட்ட, நான் தண்ணில குதிச்சிடுவேன்."

ஒரு முறை என் பெண்சாதிக்கு மசக்கை. மூன்று நாளாகக் கஞ்சிகூட வயிற்றில் தங்கவில்லை. கொடுவாக் குழம்பென்றால் இரண்டு வாய் சாப்பிடுவேன் என்றிருந்தாள். கரையில் கேட்டுப் பார்த்தேன். எல்லாம் விற்றுப் போயிருந்தது. தோணியில் ஏறப்போனேன்.

"இன்னாப்பா, மொகம் தொங்குது?"

சொன்னேன். துடுப்பைக் கையில் எடுத்தீர்கள்.

"தோணிக்காரர்கிட்ட தூண்டில் வாங்கிக்கினு வா. புடிக்கிற பாவம் உனுக்கு, துடுப்பு போடற பாவம் எனுக்கு. பாதி பாதி."

மீன் கடித்தால்தானே! "இன்னும் ஒரு தபா, நைனாரே" என்று நான் கெஞ்சக் கெஞ்ச, மறுபேச்சில்லாமல் தோணியை மறுபடி ஆற்றுக்குள் திருப்பினீர்கள். கடைசியில் முழங்கை நீளத்துக்கு ஒன்று மாட்டியது. அது துள்ளி அடங்கும்வரை நீங்கள் முகத்தை அந்தப் பக்கம் வைத்திருந்தீர்கள். நானோ கூத்தாடினேன்.

லாரிக்குத் திரும்பியதும், அதிலேயே கிடந்த உங்கள் கட்டுசாதத்தை எடுத்து என் மடியில் வைத்தீர்கள். "நீ துன்னு."

"நீங்க?"

"பொழுது போயிடுச்சேப்பா."

அப்போதுதான் உறைத்தது. சூரியன் விழுந்தபின் நீங்கள் ஒரு பருக்கை தொடமாட்டீர்கள். எத்தனையோ வருஷமாக எனக்குத் தெரிந்த சங்கதி. என் வீட்டுப் பட்டினியில் உங்கள் பசியை மறந்துபோனேன்.

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ கரைக்குத் திருப்பச் சொல்லியிருப்ப."

மறுநாள் அவள் குழம்புச் சட்டியை வழித்துச் சாப்பிட்டாள். வயிற்றில் தங்கியது. நீங்கள் விடியும்வரை பட்டினி.

இப்போதெல்லாம் என் காரியமாக யார் கூட வந்தாலும், வெயில் இறங்குமுன் "சாப்டியா?" என்று கேட்டுவிடுகிறேன். உங்களைத்தான் கேட்கவில்லை.