மீன் தலை

தேங்காப்பட்டணம்,
ஆவணி, 1953

என் மச்சானுக்கு,

கொழும்பில் எல்லாருக்கும் இனிப்புக் கொடுங்கள். நமக்கு மகள் பிறந்திருக்கிறாள்! கருப்பட்டித் தராசில் நிறுத்துப் பார்த்தோம், ஏழு ராத்தல்!

"கூடத் தின்னா பிள்ளை பெருத்துரும், பேறு லேசா நடக்காது" என்று உங்கள் உம்மா இந்தத் தடவையும் ஒரு அகப்பைக் கஞ்சிதான் ஊற்றினார்கள். முதல் பிள்ளை கையளவே பிறந்தாள், அதற்குமேல் எழுதமாட்டேன்.

நெய்யூர் ஆஸ்பத்திரி நர்ஸ் நன்றாகத் தின்னச் சொன்னதை நம்பி, "பெறப்போறது நான், சட்டிய இங்க வையுங்க மாமி" என்றேன். மரச்சீனிக் கிழங்கும் சாளை மீனும் பயறும் வயிறு நிறையத் தின்றேன்.

மருத்துவச்சி வெற்றிலையை மென்று முடிக்குமுன் பிள்ளை வந்துவிட்டாள்.

இன்று மாமி, நீங்கள் ஊரில் இருக்கும்போது உங்களுக்கென்றே எடுத்துவைக்கும் மீன் தலையை என் தட்டில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார்கள்.

நீங்கள் வந்தாலும் இனி தலை எனக்குத்தான்.

இப்படிக்கு,
ரெண்டு பேருக்கும் சேர்த்துத் தின்றவள்