அம்மாவின் தட்டுக்கு எந்த ஒயின்?

மாணவியர் விடுதி
டிசம்பர் 5

அன்புள்ள ஒயின் கடை அங்கிளுக்கு,

இங்கே கணக்குப் பரீட்சையைத் தவிர எல்லாம் நலம்.

விடுமுறை விருந்துக்கு என் அம்மாவுக்கு என்ன சமைக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். ஓட்டலில் நாள் முழுவதும் ஊருக்கே சமைப்பவருக்குச் சமைத்துப் போடப் போகிறீர்களே, உங்கள் துணிச்சலை மெச்சுகிறேன்!

ஆடம்பரம் வேண்டாம். பூண்டும் வெண்ணெயும் தடவி முழுதாகச் சுட்ட கோழி, வெண்ணெயில் வதக்கிய காளான், கொஞ்சம் ரொட்டி. போதும். மிளகாய் கூடாது, காரம் சிவப்பு ஒயினின் துவர்ப்பைத் தூக்கிக் காட்டும் என்கிறது நூலகப் புத்தகம். மீனும் வேண்டாம், வாயில் இரும்பு வாடை அடிக்குமாம். கோழிக்கும் காளானுக்கும் மெல்லிய சிவப்பு ஒயின்தான் பொருத்தம். லேசாகக் குளிர வைத்துப் பரிமாறுங்கள்.

நான் ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை. ஆனாலும் உறுதியாகச் சொல்கிறேன். உங்களைப் பற்றி இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. கோழியைப் பற்றி வந்துவிட்டேன்.

இப்படிக்கு,
புத்தகப்புழு

டிசம்பர் 11

அன்புள்ள புத்தகப்புழுவுக்கு,

மானம் கப்பலேறிவிட்டது போ. நேற்று உன் அம்மா வேலை முடிந்து நேராகக் கடைக்கு வந்தார். நீ சொன்ன மாதிரியே மெல்லிய ஒயினாக எடுத்து ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய்தான். “என்னங்க இது, கஷாயத்தை பாட்டில்ல அடைச்சு விக்கிறீங்களா?” என்று கேட்டுவிட்டார். கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

போனது போகட்டும் என்று, இன்னொன்றையும் கேட்டுவிட்டேன். கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று. “எம்பொண்ணைக் கேளுங்க. அவ சரின்னா எனக்கும் சரி” என்றார்.

அதனால் உன்னைக் கேட்கிறேன். உனக்குச் சம்மதமா? நீ வேண்டாம் என்றாலும் கோழி உண்டு.

அன்புடன்,
கஷாயக் கடைக்காரர்

மாணவியர் விடுதி
டிசம்பர் 15

அன்புள்ள அங்கிளுக்கு,

ஒயின்மேல் குற்றமில்லை. சமையலறையை விட்டு வெளியே வந்ததும் அம்மா வாயில் ஒரு பெப்பர்மிண்ட் போட்டுக்கொள்வார், பூண்டு வாடை போக. அதன்மேல் எதை ஊற்றினாலும் கசக்கத்தான் செய்யும். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை, எனக்குத்தான் தெரியும். விருந்தன்று முதலில் தண்ணீரும் ரொட்டியும் கொடுங்கள். கோழியை நாலு வாய் சாப்பிட்ட பிறகு ஒயினை ஊற்றுங்கள். அப்புறம் அம்மா முகத்தைப் பாருங்கள்.

இனி உங்கள் கேள்வி. அப்பா போனதிலிருந்து அம்மா எதையும் என்னைக் கேட்டுத்தான் முடிவு செய்கிறார். ஜன்னல் திரையின் நிறத்தைக்கூட நான்தான் சொன்னேன். அம்மாவுக்குப் பிடித்த நிறம் எது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இந்த ஒன்றையாவது அவரே சொல்லட்டும். ஆகவே என் பதிலை உங்களிடம் சொல்ல மாட்டேன். சாப்பிட்டு முடித்ததும் மறுபடியும் கேளுங்கள். “உங்க பொண்ணு பதில் சொல்ல மாட்டேங்கிறா, உங்களையே சொல்லச் சொல்றா” என்று சொல்லுங்கள். முதலில் கோபம் வரும். பயந்துவிடாதீர்கள்.

விருந்துக்கு மறுநாள் காலை ரயிலில் வருகிறேன். பெட்டி முழுக்கப் புத்தகம். ஸ்டேஷனுக்கு அம்மா மட்டும் வந்தால் தூக்க முடியாது.

இப்படிக்கு,
புத்தகப்புழு