இரண்டாம் தரம் அமர்த்தியபோது

என் சுபாக்குட்டிக்கு,

உன் செத்தவீடு முடிந்து, நேற்றுத்தான் உன் பொருட்களை எடுக்க உன் அலுவலகத்துக்குப் போனேன். யாரைச் சந்திக்க வந்தீர்கள் என்று வாசல் திரை கேட்டது. யோசிக்காமல் உன் பெயரை அடித்துவிட்டேன். அப்படி ஒருவர் இல்லை என்றது. என் எழுத்துப் பிழையாக்கும் என்று மூன்று தரம் அடித்தேன். பின்னால் நின்றவர் இருமினார்.

உன்னோடு வேலை செய்த மெட்டே ஒரு பெட்டியைத் தந்தாள். மேலேயே நீ வட்டங்கள் கீறிய தாள் கிடந்தது. முதியோர் இல்லத்து உதவி அழைப்புத் திரைக்காக எங்கள் குசினி மேசையில் வைத்துக் கீறினாயே: காத்திருப்பு, அழைப்பு, ஆள் வருகிறார் என்று மூன்று வட்டம், இடையில் அம்புகள். ஊரில் ஓ.எல். சோதனையோடு படிப்பை விட்டு, டென்மார்க்கில் பிரெடெரிசியாக் கிடங்கில் பெட்டி அடுக்குகிற எனக்கும் விளங்கச் சொன்னாய்.

“ஒரு நேரத்தில ஒரு வட்டத்துக்குள்ளதான் நிக்கலாம், அப்பா. அம்பு காட்டுற பக்கம்தான் போகலாம். எந்த வட்டத்தில நிக்கிறமெண்டு திரை காட்டும், அவ்வளவுதான்.”

“அப்ப இந்தப் பொத்தானை என்னை ஏன் அமத்தச் சொல்லுறாய்?”

“நீங்கள் கோழி கொத்துற மாதிரி அமத்துவியள். உங்களைத் தாங்கினால் ஆரையும் தாங்கும்.”

நீ ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிவிட்டு வந்த நாள் அது. அந்தக் கிழமையிலேயே அப்போதுதான் சிரித்தாய். ‘ஆள் வருகிறார்’ என்று திரை காட்டும்போதே இன்னொரு தரம் அமர்த்தினேன். அழைப்பின் சிவப்பு விளக்கு அணைந்தது. யாருமே அழைக்காததுபோலத் திரை காத்திருப்புக்குத் திரும்பியது.

“எல்லாம் சரியோ?” என்றாய், கண்ணை மூடியபடி.

“ஓம் பிள்ளை, திறம்.”

மெட்டே சொன்னாள்: ஓர் இல்லத்தில் வயதானவர் ஒருவர் விழுந்திருக்கிறார். அழைத்திருக்கிறார். ஆள் வருகிறார் என்று கண்ட பிறகும் பயத்தில் திரும்ப அமர்த்தியிருக்கிறார். அழைப்பு அழிந்துவிட்டது. வேறு யாரோ பார்த்துவிட்டார்கள் என்று நினைத்து, உதவிக்குப் போய்க்கொண்டிருந்த பணியாளரும் பாதியில் திரும்பிவிட்டாராம். இரண்டு மணித்தியாலம் வெறும் நிலத்தில். இப்போது ஆஸ்பத்திரியில், இன்னும் கண் திறக்கவில்லை.

தாளில் ‘ஆள் வருகிறார்’ வட்டத்திலிருந்து காத்திருப்புக்குத் திரும்புகிற அந்த ஓர் அம்பைச் சுற்றிச் சிவப்பு வளையம் போட்டிருந்தார்கள்.

“சுபா கவனமானவள். நோயோடு வேலை செய்ததால் தவறிவிட்டது,” என்றாள் மெட்டே, எனக்கு விளங்கட்டும் என்று டேனிஷை மெதுவாக்கி. “நீங்களும் அமர்த்திப் பார்த்ததாகச் சுபா சொன்னாளே? ஒன்றும் காணவில்லையா?”

எனக்கு எந்த இடத்திலும் ஒரு பகிடி வரும். வரவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். தாளில் உன் கையெழுத்து இருக்கிறது. அமர்த்திய விரல் யாருடையது என்று எங்கே எழுதியிருக்கிறது?

திங்கட்கிழமை மெட்டேயிடம் போவேன், பிள்ளை. அந்த மனிதரின் பிள்ளைகளிடமும் போவேன். நேற்று வாய்க்குள்ளேயே நின்றுவிட்டதைச் சொல்லுவேன்: நான் கண்டேன். பிழை என்று அன்றைக்கே தெரியும். நீ இன்னும் கொஞ்சம் சிரித்துக்கொண்டிருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

உன் அப்பா