எண் 62, எஸ். ஷர்மிளா

நவ. 4, செவ்வாய்

காலையிலிருந்து விடாத மழை. லஸ் முனையில் முழங்கால் அளவு தண்ணீர். ஆபீஸுக்கு இருபது நிமிஷம் தாமதம்.

வேலை: வந்திறங்கிய ஹால் டிக்கெட்டுகளைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்ப்பது. பி.காம். முடிந்தது. கணிதம் மூன்றாம் ஆண்டில் ஒன்று குறைகிறது. எஸ். ஷர்மிளா, எண் 62. கம்ப்யூட்டரில் அவள் நிலை: டிஸ்கண்டினியூட், படிப்பை நிறுத்தியவள்.

பதிவேட்டைப் புரட்டினேன். கல்யாணமாகி, டி.சி. வாங்கிக்கொண்டு போனது வேறொரு எஸ். ஷர்மிளா. எண் 26. அவள் இன்னும் படிப்பதாகக் காட்டுகிறது. படிக்கிறவள் போய்விட்டதாகக் காட்டுகிறது.

மாற்றிப் பதிந்தது யார் என்று பார்த்தேன். செப்டம்பரில். என் லாகின்.

அந்த நிலை விழுந்துவிட்டால் ஃபீஸ் கட்டும் பக்கம் திறக்காது. ஃபீஸ் கட்டாதவளுக்கு ஹால் டிக்கெட் கிடையாது. பரீட்சை 12-ஆம் தேதி. பல்கலைக்கழகப் பட்டியல் மூடியாயிற்று.

யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் இவரிடம்கூட. சிலிண்டர் புக் செய்ய மறந்தாயிற்று.

நவ. 5, புதன்

சூப்பரிண்டெண்ட் சாரிடம் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார்.

"அந்தப் பொண்ணு வந்து கேட்டாளா?"

"மூணு வாரமா கிளாஸுக்கே வரலையாம் சார்."

"அப்பறம் என்ன? ஃபீஸ் கட்டலை, ரெஸ்பான்ஸ் இல்லைன்னு ஒரு நோட் போட்டு வெச்சுடுங்கோ. உங்க ப்ரமோஷன் ஃபைல் மேல போயிருக்கு விஜயா. நான் ஒண்ணும் சொல்லலை."

கெட்டவர் இல்லை. என் கணவருக்கு ஆபரேஷன் நடந்த வாரம் என் வேலை முழுவதையும் செய்தவர்.

நோட்டை டைப் அடித்தேன். நான்கு வரி. கையெழுத்துப் போடவில்லை. கிழிக்கவும் இல்லை, கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

நவ. 6, வியாழன்

ஷர்மிளாவின் நம்பர் ஸ்விட்ச் ஆஃப். ஐந்து முறை முயன்றேன்.

அவள் வகுப்பு நித்யாவைக் கூப்பிட்டு விசாரித்தேன். "வீட்ல போனைப் புடுங்கிட்டாங்க மேம். ஆபீஸ்ல வந்து கேட்டாளே. உங்க கவுண்டர்லதான்."

முதலில் நினைவு வரவில்லை. பஸ்ஸில் வந்தது. ஃபீஸ் கட்டும் கடைசித் தேதிக் கூட்டம். ஒரு குரல்: "பக்கமே திறக்கல மேடம்." நான்: "கடைசி நாள்ல வந்தா அப்படித்தான். தள்ளும்மா, அடுத்த ஆள்." நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் எண்ணை ஒரு தடவை தட்டியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் அந்த நோட்டைக் கிழித்தேன்.

நவ. 7, வெள்ளி

அரை நாள் லீவு. கோடம்பாக்கம், ஸ்டேஷனுக்குப் பின்னால் ஷர்மிளா வீடு. அப்பா சினிமா செட் போடும் தச்சர். வாசலிலேயே நிறுத்தினார்.

"இன்னாமா, காலேஜா? அதான் அதுவே நின்னுகிச்சே. போன்ல டிஸ்கண்டினியூன்னு போட்டுகீது. பக்கத்து வூட்ல பட்ச்சி சொன்னாங்கோ. எவனுக்கோசரம் நின்னேன்னு கேட்டா அழுவுது. வர்ற ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வர்றாங்கோ."

"அவ நிக்கலைங்க. நான்தான் தப்பா பதிஞ்சுட்டேன்."

புரியவில்லை அவருக்கு. இரண்டு ஷர்மிளாக்களையும் சொன்னேன். எண்களைச் சொன்னேன். கையிலிருந்த டீ டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

அம்மா உள்ளேயிருந்து வந்தார். "மூணு வாரமா இந்த வூட்ல அதுகிட்ட யாரும் பேசலம்மா."

ஷர்மிளா வெளியே வரவில்லை.

நவ. 8, சனி

பிரின்சிபாலுக்குக் கடிதம். மூன்று வரிக்கு ஒரு மணி நேரம். 'என் பதிவில் நேர்ந்த பிழை.' சூப்பரிண்டெண்ட் படித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அந்த 'என்'னை மட்டும் எடுத்துடுங்கோளேன்."

"இருக்கட்டும் சார்."

பிரின்சிபால் அம்மா திட்டவில்லை. கையெழுத்துப் போட்டார். "மெமோ வரும், தெரியுமில்ல? திங்கட்கிழமை நீங்களே நேர்ல யூனிவர்சிட்டிக்கு எடுத்துட்டுப் போங்க."

இரவு இவரிடம் சொன்னேன். "ப்ரமோஷன்?" என்றார்.

நவ. 10, திங்கள்

பல்கலைக்கழகம். ஒன்பதரையிலிருந்து மூன்று அறைகள் மாறி மாறி. "லிஸ்ட் க்ளோஸ் பண்ணியாச்சு மேடம், நாங்க என்ன பண்றது?" நகரவில்லை நான். சாப்பாடு இல்லை, ஒரு பன், ஒரு டீ.

முதலில் நிலை மாற வேண்டும். பிறகு ஃபீஸ். அதற்குப் பிறகுதான் ஹால் டிக்கெட். ஒன்று முடியாமல் மற்றது நடக்காது.

5.10: ஆக்டிவ். ஷர்மிளா வீட்டுக்குப் போன் செய்தேன். அரை மணியில் அப்பா கூப்பிட்டார். "கட்டிட்டோம்மா. ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வர்றவங்கள வேணான்னு சொல்ட்டோம்."

ஹால் டிக்கெட்? "நாளைக்குப் பாருங்க."

நவ. 11, செவ்வாய்

வரவில்லை. பதினொரு மணிக்கும் இல்லை, நான்கு மணிக்கும் இல்லை. மெயிலைத் திறந்து மூடித் திறந்து கண் எரிகிறது. மெமோ மட்டும் வந்தது. மூன்று நாளில் விளக்கம்.

மாலையில் சூப்பரிண்டெண்ட் சார் யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தார். "நம்ம காலேஜ் பொண்ணுடா, கொஞ்சம் பாரு." நான் கேட்டுவிட்டது அவருக்குத் தெரியாது.

நவ. 12, புதன்

மழை இல்லை. ஏழரைக்கே ஆபீஸில். பரீட்சை பத்து மணிக்கு.

9.10, இல்லை. 9.25, இல்லை. வாசலில் அப்பாவும் மகளும் வந்து நிற்பதாக வாட்ச்மேன் சொன்னார். போய்ப் பார்க்கத் தைரியம் இல்லை.

9.38-க்கு வந்தது. பிரிண்டரில் பேப்பர் மாட்டிக்கொண்டது. இழுத்தேன், மறுபடி போட்டேன். எடுத்துக்கொண்டு ஓடினேன்.

முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தேன். சின்ன முகம். கண்ணுக்குக் கீழே கறுப்பு.

"நீங்கதான் பண்ணீங்களா மேடம்?"

"ஆமாம்மா."

"அன்னிக்கு நான் கேட்டப்போ ஒரு வாட்டி பாத்திருக்கலாமே."

மணி அடித்தது. தாளை வாங்கிக்கொண்டு மாடிப்படியில் ஓடினாள்.

அப்பா அங்கேயே நின்றார்.

"பரீச்ச எவ்ளோ நேரம்மா?"

"மூணு மணி நேரம்."

"வேலைக்குப் போவல இன்னிக்கி. இங்கயே குந்திகினு இருந்தா யாரும் ஏதும் சொல்வாங்களா?"

உள்ளே போய் ஒரு நாற்காலி எடுத்து வந்து போட்டேன்.